அடிக்கோடிட்ட பகுதியில் என்ன பிழை?

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் பல பத்தாண்டுகள் இடம்பெற்றிருந்த ஒரு வகைக் கேள்வியின் சாயலில் இப்படி ஒரு வாக்கியம் அமைக்கலாம்: 'ஹேவிங் ஸ்டடீட் தி சேல்ஸ் ஃபிகர்ஸ் ஃபார் எ இயர், தி டிசிஷன் டு க்ளோஸ் தி பிராஞ்ச் வாஸ் மேட் பை தி மேனேஜர்.' மேனேஜர் ஓராண்டு விற்பனைக் கணக்கைப் பார்த்தார், கிளையை மூட முடிவு செய்தார். செய்தி அவ்வளவுதான். காற்புள்ளிக்குப் பிறகு வரும் பகுதி முழுவதும் அடிக்கோடிடப்பட்டிருக்கும். அடியில் ஐந்து விடைகள்.

முதல் விடை எப்போதும் கேள்வியில் உள்ளதையே வரி மாறாமல் திருப்பிச் சொல்லும். வாக்கியத்தில் பிழையே இல்லை என்று நினைப்பவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, 'தி மேனேஜர்ஸ் டிசிஷன் வாஸ் டு க்ளோஸ் தி பிராஞ்ச்'. மூன்றாவது, 'இட் வாஸ் டிசைடட் பை தி மேனேஜர் டு க்ளோஸ் தி பிராஞ்ச்'. நான்காவது, 'தி மேனேஜர் டிசைடட் டு க்ளோஸ் தி பிராஞ்ச்'. ஐந்தாவது, 'தி மேனேஜர், டிசைடிங் டு க்ளோஸ் தி பிராஞ்ச்'.

அவசரமாகப் படிப்பவருக்கு ஐந்தும் ஒன்றையே சொல்வதாகத் தோன்றும். ஆனால் காற்புள்ளிக்கு முன் நிற்கும் 'ஹேவிங் ஸ்டடீட்' தனக்குரிய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. காற்புள்ளியைத் தாண்டியதும் எதிர்ப்படும் எழுவாய் எதுவோ, அதன்மேல் போய் ஏறிக்கொள்ளும். முதல் விடையில் எதிர்ப்படுவது 'முடிவு'. ஓராண்டு கணக்குப் பார்த்தது முடிவா? இரண்டாவதுதான் நன்றாக வைத்த பொறி. மேனேஜர் சரியான இடத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியும். ஆனால் அவர் வேற்றுமை ஏற்று 'மேனேஜருடைய' ஆகிவிட்டார், எழுவாய் இன்னமும் முடிவுதான். மூன்றாவதில் எழுவாய் இடத்தில் 'இட்' என்ற வெற்றுச் சொல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதில் மேனேஜர் எழுவாயாக வந்தும் அவருக்கு முற்றுவினை கிடைக்கவில்லை. வாக்கியம் எச்சத்திலேயே நின்றுபோகிறது. தேறுவது நான்காவது மட்டும்.

இத்தனையையும் பார்த்து முடிவெடுக்கத் தேர்வருக்கு அதிக நேரம் கிடையாது. தேர்வின் கடைசிக் காலத்து வடிவத்தில் மொழிப் பகுதிக்கு 65 நிமிடங்கள், 36 கேள்விகள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாக்கியத் திருத்தம். நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகளும், வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கேள்விகளும் நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், திருத்தக் கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றே பயிற்சியாளர்கள் பலரும் சொல்லிக்கொடுத்தார்கள். 1997 முதல் கணினி வழியில் நடந்த தேர்வு இது. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலைப் பொறுத்தே அடுத்த கேள்வியின் கடினம் அமையும். அந்த வடிவத்தில், விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்படி ஒரு விசித்திரமான கேள்வி வடிவம் எதற்காகப் பிறந்தது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஒருவருக்கு எழுதத் தெரியுமா என்று அறிய அவரை எழுதச் சொன்னால் போதாதா? போதாது என்று கண்டதன் விளைவுதான் இது. 1961-ல் அமெரிக்காவின் இ.டி.எஸ். தேர்வு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கல்லூரி மாணவர்களின் 300 கட்டுரைகளைப் பல்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, தம் மனம்போல ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. எந்தக் கட்டுரைக்கும் ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்கள் கிடைக்கவில்லை. அதாவது, ஒரே கட்டுரை ஒருவர் கையில் முதல் தரம், இன்னொருவர் கையில் கடைசித் தரம். ஒருவருக்குக் கருத்து முக்கியம், ஒருவருக்கு நடை, இன்னொருவருக்குக் காற்புள்ளி.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1966-ல் வெளியான இன்னொரு ஆய்வு வழிகாட்டியது. 646 பள்ளி மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து கட்டுரைகள் எழுதி வாங்கி, ஒவ்வொரு கட்டுரையையும் ஐந்து பேர் திருத்தி, அந்த மொத்த மதிப்பெண்ணோடு பல்வேறு கொள்குறி வினாக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிழை கண்டுபிடிக்கும் வினாவும் வாக்கியத்தைத் திருத்தும் வினாவும் கட்டுரை மதிப்பெண்ணோடு நன்றாக ஒத்துப்போயின. எழுதவே விடாமல் எழுத்துத் திறனை அளக்கலாம் என்றாயிற்று. செலவு குறைவு, திருத்துவது இயந்திரம், இரண்டு திருத்துநர்களுக்கிடையே சண்டை இல்லை. 1974 முதல் அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுடன் சேர்ந்து எழுத வேண்டியிருந்த ஆங்கில எழுத்துத் தேர்வில் இந்த வகைக் கேள்விகளே இடம்பிடித்தன. அந்நிய நாட்டு மாணவர்களுக்கான டோஃபலின் காகிதத் தேர்விலும் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. நிறுவனங்கள் தமக்குள் நடத்தும் டோஃபல் ஐ.டி.பி. வடிவத்தில் 25 நிமிடத்தில் 40 கேள்விகள் என்ற கணக்கில் அது தொடர்ந்தது.

ஜிமேட்டின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1953-ல் ஒன்பது அமெரிக்க வணிகக் கல்லூரிகள் சேர்ந்து பேசி, அடுத்த ஆண்டு பொது நுழைவுத் தேர்வைத் தொடங்கின; இன்றைய பெயர் 1976-ல் வந்தது. இந்தியாவில் ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. போன்ற கல்லூரிகள் இதன் மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டதால், வெளிநாடு போகாதவர்களும் இதை எழுதினார்கள். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்த மென்பொருள் பொறியாளர்கள், கணிதப் பகுதியைச் சுலபமாகத் தாண்டிவிட்டு இந்த வாக்கியத் திருத்தத்தில் வந்து முட்டிக்கொள்வது வாடிக்கையாக இருந்தது.

ஏன் முட்டிக்கொண்டார்கள் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில், 'தாய்மொழி ஆங்கிலம் இல்லையே' என்பது. அது பாதிதான் சரி. தமிழர் ஆங்கிலத்தில் எங்கெல்லாம் தடுமாறுவார் என்று பட்டியல் போட்டால் முதலில் வருபவை 'எ', 'தி' என்ற சுட்டிடைச் சொற்கள். தமிழில் அவை இல்லை. அடுத்து முன்னிடைச் சொற்கள். ஆனால் ஜிமேட் 'எ'யா 'தி'யா என்று கேட்டு யாரையும் மடக்கியது அரிது. அந்தப் பிழையை அமெரிக்கர் செய்வதில்லை. ஆகவே அதைக் கேட்டு அமெரிக்கரிடையே யார் மேல், யார் கீழ் என்று பிரிக்க முடியாது. நன்றாக ஆங்கிலம் பேசுபவரும் நாளிதழ் எழுதுபவரும் எங்கே வழுக்குவார்களோ, அங்கேதான் இந்தத் தேர்வு குழி தோண்டியது. நீளமான வாக்கியத்தில் எழுவாயைத் தொலைப்பது, ஒப்பிடக் கூடாததை ஒப்பிடுவது, தொங்கலில் விடப்பட்ட எச்சம், யாரைக் குறிக்கிறது என்று தெரியாத பிரதிப்பெயர். கான்வென்ட் ஆங்கிலத்தின் சரளம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. சொல்லப்போனால், 'காதுக்குச் சரியாகப் படுகிறது' என்று சரளத்தை நம்பிப் போனவர்தான் முதலில் விழுந்தார்.

தமிழ்க் காது இதில் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பது தனியே பார்க்கத் தக்கது. மேலே கண்ட மேனேஜர் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். எச்சத்துக்கு உரிய ஆளும் முற்றுவினைக்கு உரிய ஆளும் ஒருவராக இருக்க வேண்டும் என்பது தமிழுக்குப் புதிதல்ல. 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. தொல்காப்பியத்திலேயே இதற்கு வேர் உண்டு. 'அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கியது' என்றால் இலக்கணம் படிக்காதவருக்கும் உறுத்தும். அடுப்பைப் பற்றவைத்தது பாலா என்று சிரிப்பார்கள். ஆங்கிலத் தேர்வு கேட்பதும் அதே சிரிப்பைத்தான்.

ஆனால் இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'மனுக்களைப் பரிசீலித்து முடிவு அறிவிக்கப்படும்' என்று எந்த அரசு அலுவலக அறிவிப்பிலும் பார்க்கலாம். யாருக்கும் உறுத்தாது. பரிசீலிப்பதும் அறிவிப்பதும் அதே அதிகாரிதான் என்று மனம் நிரப்பிக்கொள்கிறது; செயப்பாட்டு வாக்கியத்தின் எழுவாய் 'முடிவு' என்பதைத் தமிழ் பெரிதுபடுத்துவதில்லை. தமிழ் பார்ப்பது செயலைச் செய்த வினைமுதலை. ஆங்கிலம், குறைந்தபட்சம் தேர்வுக்கூட ஆங்கிலம், பார்ப்பது காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் எழுவாயை. 'மழை பெய்து ஏரி நிரம்பியது' என்பதில் வினைமுதல்கூட வேறு வேறு. காரணமும் காரியமுமாக இருப்பதால் தமிழ் அதையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தமிழ் மாணவர் இந்த வகைப் பிழையில் ஒரு பாதியை உடனே பிடித்துவிடுகிறார். 'டிசிஷன் வாஸ் மேட்' என்று செயப்பாட்டில் வரும் மறுபாதி அவர் காதில் அரசு அறிவிப்பு மாதிரி இயல்பாக ஒலித்துத் தப்பித்துவிடுகிறது. பொறி வைத்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பொறி சரியாக விழுகிறது.

ஒப்பீட்டில் நிலைமை இன்னும் மோசம். 'சென்னையின் மக்கள்தொகை மதுரையைவிட அதிகம்' என்பது நல்ல தமிழ். இதையே அப்படியே 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை' என்று எழுதினால் ஜிமேட்டில் பூஜ்யம்தான் கிடைத்தது. மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிட்டுவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. 'தேன் தட் ஆஃப் மதுரை' என்று வந்தால்தான் மக்கள்தொகைக்கு எதிரில் மக்கள்தொகை நிற்கும். தமிழில் இதற்கு இணையாக 'மதுரையினுடையதைவிட' என்று எழுதினால் எழுதியவரைப் பிழைதிருத்துபவர் அழைத்து விசாரிப்பார். இந்த வகைக் கேள்வியில் தேறுவதற்குத் தமிழர் செய்ய வேண்டிய வேலை, 'தேன்' என்ற சொல்லையோ 'அன்லைக்' என்ற சொல்லையோ கண்டதும் நின்று, இந்தப் பக்கம் என்ன பொருள், அந்தப் பக்கம் என்ன பொருள் என்று எடைபோட்டுப் பார்ப்பதுதான். காதைக் கேட்கவே கூடாது.

'விச்' இன்னொரு கண்ணி. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும்; 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதில் எது எதைத் தழுவுகிறது என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் அது பின்னால் வருகிறது. 'தி கம்பெனி ரெய்ஸ்ட் இட்ஸ் ப்ரைசஸ், விச் ஆங்கர்ட் கஸ்டமர்ஸ்' என்று அமெரிக்கர் அன்றாடம் எழுதுகிறார். விலை உயர்த்திய செயல் வாடிக்கையாளரைக் கோபப்படுத்தியது என்று எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் ஜிமேட் கணக்கில் 'விச்' தன் பக்கத்திலிருக்கும் பெயரைத்தான் தழுவ வேண்டியிருந்தது. முழு வாக்கியத்தையும் தழுவ அதற்கு உரிமை இருக்கவில்லை. இது ஆங்கில மொழியின் விதி என்பதைவிட அந்தத் தேர்வின் விதி என்பதே சரி. எடுத்துக்காட்டுச் சொல்ல 'லைக்' கூடாது, 'சச் ஆஸ்' என்றுதான் வர வேண்டும் என்பதும் அப்படித்தான்.

இந்தத் தேர்வு விதிகள் அடங்கிய தடித்த வழிகாட்டி நூல்களை மனப்பாடம் செய்து பலர் நொந்துபோனார்கள். உண்மையில் வேலைக்கு ஆனது விதிப் பட்டியலைவிட வாக்கியத்தை உரித்துப் பார்க்கும் பழக்கம். 'தி காஸ்ட் ஆஃப் ரிப்பேரிங் தி ஓல்ட் பிரிட்ஜஸ் அக்ராஸ் தி ரிவர், டெஸ்பைட் ஜெனரஸ் கிராண்ட்ஸ் ஃப்ரம் தி ஸ்டேட், ஹேவ் டபுள்ட்' என்று ஒரு வாக்கியம். வினைக்குப் பக்கத்தில் 'கிராண்ட்ஸ்', சற்றுத் தள்ளி 'பிரிட்ஜஸ்' என்று பன்மைகள் வரிசைகட்டி நிற்பதால் 'ஹேவ்' உறுத்துவதில்லை. 'ஆஃப்' தொடங்கி வரும் தொடரை ஒரு பக்கம், இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே கிடப்பதை இன்னொரு பக்கம் என்று கழித்துவிட்டால் மிஞ்சுவது 'காஸ்ட் ஹேவ் டபுள்ட்'. அதை எந்தப் பள்ளிப் பிள்ளையும் திருத்தும். தமிழ் நாளிதழ்களிலும் இதே விபத்து நடக்கிறது; 'அணைகளின் நீர்மட்டம் உயர்ந்தன' என்று எழுதுகிறவர் எழுவாயை விட்டுவிட்டு அணைகளின்மேல் வினையை ஏற்றுகிறவர்தான்.

இரண்டாவது பழக்கம், ஐந்து விடைகளையும் மேலிருந்து கீழாக முழுமையாகப் படிக்காதது. முதல் இரண்டு சொற்களை மட்டும் ஐந்திலும் ஒரு பார்வை. கடைசிச் சொல்லை ஒரு பார்வை. மூன்றில் 'ஹேஸ்', இரண்டில் 'ஹேவ்' என்று பிரிந்தால் எழுவாயைத் தேடிப் போவது, ஒரே அடியில் இரண்டு விடைகள் காலி. மீதமுள்ளதில் அடுத்த பிளவு. ஒவ்வொரு விடையிலும் தனித்தனியாகப் பிழை தேடுகிறவர் ஐந்து வாக்கியங்களைப் படிக்கிறார். பிளவுகளைத் தேடுகிறவர் ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று முறை மடித்துப் பார்க்கிறார்.

மூன்றாவதாகப் பொருள். கடினமான கேள்விகளில் இறுதி இரண்டு விடைகளும் இலக்கணப்படி குற்றமற்றவையாக வரும். மூல வாக்கியம் 'தி டாம் மே ஃபெயில்' என்கிறது, அணை உடையக்கூடும் என்று. ஒரு விடை அழகாக, சுருக்கமாக, 'தி டாம் வில் ஃபெயில்' என்று முடிகிறது. இரண்டிலும் பிழையில்லை. ஆனால் பொறியாளரின் எச்சரிக்கை இரண்டாவதில் ஆரூடமாக மாறிவிட்டது. 'ஒன்லி' என்ற சொல் இரண்டு இடம் தள்ளி உட்கார்வதும் இப்படித்தான்: விவசாயிகளுக்கு மட்டும் கடன் கொடுக்கும் வங்கி, விவசாயிகளுக்குக் கடன் மட்டும் கொடுக்கும் வங்கி ஆகிவிடுகிறது. சுருக்கமாக இருப்பதே சரி என்ற குறுக்கு வழி பயிற்சி வகுப்புகளில் பிரபலம். அதை நம்பியவர்களுக்காகவே இத்தகைய விடைகள் தயாரிக்கப்பட்டனபோலத் தோன்றும். மேலான மதிப்பெண் எடுப்பவரையும் நடுத்தர மதிப்பெண்ணில் நின்றுவிடுபவரையும் பிரித்தது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான். அது இலக்கணத் தேர்வே அல்ல. கவனமாகப் படிக்கத் தெரியுமா என்ற சோதனை.

விதிகளை வகுத்தவர்களே விதியில் இடறி விழுந்த கதையும் உண்டு. 2002 அக்டோபரில் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதிய பி.எஸ்.ஏ.டி. தேர்வில், நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் டோனி மாரிசனைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. அவருடைய மேதைமை, ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அனுபவித்த அநீதிகளிலிருந்து எழும் நாவல்களைப் படைக்க அவருக்கு உதவுகிறது என்பது அதன் சாரம். 'டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹர்' என்று தொடங்கும். பிழை எங்கே என்று கேட்டிருந்தார்கள். பிழை இல்லை என்பதே தேர்வை நடத்திய நிறுவனம் வைத்திருந்த விடை.

மேரிலாந்து மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். 'ஹர்' என்ற பிரதிப்பெயர் யாரைக் குறிக்கிறது? டோனி மாரிசனை. ஆனால் வாக்கியத்தில் டோனி மாரிசன் என்ற பெயர் தனியாக இல்லை. 'டோனி மாரிசனுடைய' என்ற உடைமை வடிவம்தான் இருக்கிறது. உடைமை வடிவத்தைப் பிரதிப்பெயர் சுட்டக் கூடாது என்று சில இலக்கணக் கையேடுகள் சொல்கின்றன. ஆகவே வாக்கியம் பிழை. நிறுவனம் முதலில் ஏற்கவில்லை. மாதக்கணக்கில் கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் 2003-ல் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு விடைத்தாள்களுக்கு மறுபடி மதிப்பெண் போட்டார்கள். தேர்வு எழுதிய சுமார் 18 லட்சம் பேரில் ஏறக்குறைய 5 லட்சம் பேரின் மதிப்பெண் உயர்ந்தது.

மொழியியலாளர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். உடைமைப் பெயரைப் பிரதிப்பெயர் சுட்டுவது ஆங்கிலத்தின் மிகச் சிறந்த எழுத்தாளர்களிடம் நூற்றாண்டுகளாக இருக்கும் வழக்கு. 'மேரீஸ் ஃபாதர் லவ்ஸ் ஹர்' என்பதில் யாருக்கு என்ன குழப்பம்? அவர்கள் சொன்னதுதான் நியாயம். ஆனால் மறுத்த ஆசிரியர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது: கையேடுகளில் விதியாக அச்சடித்து வகுப்பில் கற்றுக்கொடுத்துவிட்டு, அதை நம்பி விடை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை என்பது எப்படிச் சரி? பயிற்சி வகுப்புகளில் இந்த விதிக்கு 'பொசசிவ் பாய்சன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இதை மேனேஜர் வாக்கியத்தின் இரண்டாம் விடையோடு போட்டுக் குழப்பிக்கொண்டவர்களும் ஏராளம். இரண்டும் ஒன்றல்ல. அங்கே எச்சம் ஏறிக்கொள்ள உரிய எழுவாய் கிடைக்கவில்லை, பொருளே கெடுகிறது. இங்கே பிரதிப்பெயர் யாரைச் சுட்டுகிறது என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை.

தமிழ் இலக்கண மரபு இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது என்று சொல்லலாம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களை வகுத்த கையோடு, வழுவமைதி என்று ஒரு வாசலையும் திறந்துவைத்தது. விதிப்படி பிழை, ஆனால் வழக்கில் பொருள் கெடாமல் நிற்கிறது, ஆகவே அமையும். மகிழ்ச்சியில் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று அழைத்தால் திணைக் குற்றம் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. ஐந்து விடைகளில் ஒன்றே சரி என்று நிற்கும் தேர்வுக்கு அந்த வசதி இல்லை. வழுவமைதிக்கு மதிப்பெண் போட இயந்திரத்துக்குத் தெரியாது.

மொழியும் சும்மா நிற்கவில்லை. 'தே' என்ற பிரதிப்பெயர் பன்மைக்கு மட்டுமே என்று ஜிமேட் கறாராக இருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்கப் பத்திரிகைகளின் நடைக்கையேடான ஏ.பி. ஸ்டைல்புக் 2017-ல் அதை ஒருவரைக் குறிக்கவும் சில இடங்களில் அனுமதித்தது. 2019-ல் ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பு முழுமையாகவே ஏற்றுக்கொண்டது; மெரியம் வெப்ஸ்டர் அகராதி அவ்வாண்டின் சொல்லாக 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. மேலாண்மைக் கல்லூரியில் சேர்ந்தபின் ஏ.பி.ஏ. நடையில் ஆய்வுக் கட்டுரை எழுதப் போகும் மாணவர், அங்கே ஏற்கப்பட்ட வழக்கை நுழைவுத் தேர்வில் பிழை என்று குறித்துவிட்டு உள்ளே வர வேண்டியிருந்தது.

2023 நவம்பரில் ஜிமேட் புதிய வடிவத்துக்கு மாறியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய தேர்வு இரண்டேகால் மணி நேரமாகச் சுருங்கியது. கட்டுரை போயிற்று, வடிவியல் போயிற்று, வாக்கியத் திருத்தமும் போயிற்று. மொழிப் பகுதியில் இப்போது 45 நிமிடம், 23 கேள்விகள். எல்லாம் படித்துப் புரிந்துகொள்வதும் வாதத்தை ஆராய்வதும்தான். 2024 ஜனவரி 31-ஓடு பழைய வடிவம் முற்றாக நின்றது. பல ஆண்டு உழைப்பில் உருவான பயிற்சி நூல்கள் பழைய புத்தகக் கடைக்குப் போயின. இந்தியாவின் மேலாண்மை நுழைவுத் தேர்வான கேட் இதற்கு முன்பே நேரடி இலக்கணக் கேள்விகளைக் கைவிட்டு, பத்திகளைப் படிப்பது, கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது என்ற பக்கம் போய்விட்டது. ஜி.ஆர்.இ. தேர்வில் இந்த வகைக் கேள்வி இல்லவே இல்லை. மேலாண்மை படிக்கப் போகிறவரிடம் இதைக் கேட்டது தேவைதானா என்று யோசித்தால், பொருள் மாறுபாட்டைக் கண்டுபிடிக்கும் பாதி தேவை. 'லைக்'கா 'சச் ஆஸ்'ஸா என்ற பாதி என்றைக்குமே தேவையில்லை. நல்ல பாதி, படித்தல் கேள்விகளுக்குள் வேறு வடிவில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் வகை முழுவதுமாக ஒழிந்துவிடவில்லை. 2016-ல் எஸ்.ஏ.டி. தனி வாக்கியத் திருத்தத்தைக் கைவிட்டு, முழுப் பத்தியின் நடுவே திருத்தம் கேட்கத் தொடங்கியது. 2023-ல் வெளிநாடுகளிலும் 2024-ல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறியபின், நான்கைந்து வரிப் பத்தியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே முற்றுவினை வருமா எச்சம் வருமா, அரைப்புள்ளியா முக்காற்புள்ளியா என்று நான்கு விடைகள் தருகிறார்கள். எஸ்.ஏ.டி. போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யில் 'மாற்றம் வேண்டாம்' என்ற விடை இன்றும் உண்டு. அதற்கும் மற்ற விடைகளைப் போலவே வாய்ப்பு இருக்கிறது என்பதைப் புதிதாக எழுதுபவர்கள் நம்ப மறுத்து, எதையாவது மாற்றியே தீர்வது என்று இறங்குவார்கள்.

தமிழ்நாட்டில் இதை அதிகம் பேர் சந்திக்கும் இடம் வங்கித் தேர்வு. வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். 'பிழை இல்லை' என்பது கடைசி விடை. ஜிமேட்டின் நீண்ட வாக்கியங்களோடு ஒப்பிட்டால் இவை சிறியவை, பள்ளி இலக்கணத்தோடு நெருங்கியவை. 'சீனியர்' என்றால் 'தேன்' வராது, 'டு' வரும் என்பதுபோன்ற சொல்வழக்குகள் இங்கே நிறைய. ஆனாலும் உரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கேயும் செல்லும். 'ஷி இஸ் ஒன் ஆஃப் தி ஆஃபீசர்ஸ் ஹூ ஹேஸ் பாஸ்ட் தி எக்ஸாம்' என்ற வாக்கியத்தில் 'ஒன்' என்ற சொல் காதில் விழுந்ததும் 'ஹேஸ்' சரி என்று கை போய்விடும். 'ஹூ' யாரைத் தழுவுகிறது என்று பார்த்தால், தேறிய அதிகாரிகள் பலர். அவர்களில் அவர் ஒருவர். பள்ளி இலக்கணம் 'ஹேவ்' என்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நல்ல எழுத்தாளர்கள் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள் என்று மெரியம் வெப்ஸ்டரின் வழக்கு அகராதி காட்டுகிறது. தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பவர் குறிக்க வேண்டியது 'ஹேவ்'. அலுவலகத்தில் சேர்ந்தபின் சக ஊழியர் 'ஹேஸ்' என்று மின்னஞ்சல் அனுப்பினால் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.